அஞ்சலை வீடும் நான்காம் வெளியீடும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. தங்கச்சி போன பிறகு அவளுடைய இரண்டும் என்னிடம்தான் வளர்ந்தன. ஏழாவதாக ஒரு மென்பொருளையும் வளர்த்தேன். ஆறு பிள்ளைகளும் சேர்ந்து படுத்தாத பாட்டை அது ஒன்றே படுத்தியது.

அதை எழுதுகிற எங்கள் குழுவில் இப்போது இருக்கிற பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு வெளியீடு, அதாவது ஒரு புதுப் பதிப்பு, விடுகிறார்களாம். தூங்கி எழுந்தால் போனில் அதுவே மாறியிருக்குமாம். யாரைக் கேட்டு மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள். அந்தக் காலத்தில் எப்படி வெளியீடு போட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள், நம் இதழில் போடுகிறோம் என்றார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் கட்டுரை கேட்கத் துணிச்சல் வேண்டும். கேட்டுவிட்டார்கள், வாங்கிக்கொள்ளட்டும்.

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், கயிறும் வலையும் விற்கிற கடைக்கு மேலே ஒரு நீள அறை. அதில் ஆறு கம்ப்யூட்டர். ஜெபராஜ் சார் காலையில் அங்கே வகுப்பு எடுப்பார். மதியத்துக்கு மேல் 'நங்கூரம்' எழுதுவார். தமிழில் தட்டச்சு செய்யவும், பெயர்ப்பட்டியல் போட்டு வைக்கவும் ஆன மென்பொருள் அது. விலை கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். விசைப்படகுச் சங்கம், ஐஸ் பேக்டரி, பள்ளிக்கூடம், நூலகம் என்று முந்நூறு இடத்துக்குத் தபாலில் சிடி போகும்.

நான் அங்கே பெருக்க வந்தவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. என்னளவுக்குச் சுத்தமாகப் பெருக்குகிறவளை ராயபுரத்தில் காட்டுங்கள் பார்க்கலாம். சாவிப் பலகையைச் சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு கட்டையாகத் துடைப்பேன். கட்டை மேலே சார் தமிழ் எழுத்தை ஒட்டி வைத்திருந்தார். படித்துக் கற்றதைவிடத் துடைத்துக் கற்றதுதான் எனக்கு அதிகம். ஒரு வருடத்தில் எந்த எழுத்து எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு மதிய நேரத்தில் பெண்களுக்கு நானே அடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். வாய்விட்டுப் படிக்க மட்டும் நேரம் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும்.

ஒரு நாள் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. சிடியைப் போட்டோம், எப்படி ஏற்றுவது என்று விளங்கவில்லை என்று. சார் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, வாளியக் கீழ வைங்க. இங்க உக்காந்து நங்கூரத்த ஏத்துங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

பின்னால் இளங்கோ நின்றான். திருவொற்றியூர்ப் பையன், இன்ஜினியரிங் முடித்தவன். நங்கூரத்தில் பாதி அவன் எழுதியது. அந்தத் திமிர் நடையிலேயே தெரியும்.

சிடி போட்டதும் திரை முழுக்க எழுத்து. கீழே 'ஏற்கிறேன்', 'ஏற்கவில்லை' என்று இரண்டு பொத்தான். நான் முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். ஒண்ணேகால் மணி நேரம்.

"யக்கா, அத்த உலகத்துல எவனும் படிக்க மாட்டான். கீழ அமுக்கிட்டுப் போய்கினே இரு" என்றான் இளங்கோ.

"படிக்காம கைநாட்டு வெச்சித்தான் எங்கப்பன் வூட்ட உட்டான். நா படிச்சிட்டுத்தான் அமுக்குவேன். நீ போயி டீ குட்ச்சிட்டு வா."

கடைசி வரி வந்ததும் சாரைப் பார்த்தேன். "எடுத்துக்கோ, மாத்திக்கோ, குடுத்துக்கோன்னு போட்டுகீறீங்க, நல்லா கீது. கடசில எந்த நஷ்டத்துக்கும் நாங்க பொறுப்பு இல்லன்னு கை கழுவிகினு கீறீங்களே, அது இன்னாத்துக்கு?"

"உலகம் பூரா அப்படித்தாம்க்கா போடுதாங்க. சும்மா குடுக்கிற பொருளுக்கு எவன் பொறுப்பெடுப்பான்?"

"சும்மா குடுத்தா அழுவுன மீன குடுக்கலாமா?"

சார் வாயில் இருந்த வேர்க்கடலையை விழுங்கினார். அந்த வரியை எடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார். யாருடைய உதவியும் இல்லாமல் நான் ஏற்றி, ஒரு பெயர் அடித்து, அச்செடுத்து, 'போடுங்க' என்று சொன்னால்தான் எந்த வெளியீடும் வாசலைத் தாண்டும். அதற்கு 'அக்கா சோதனை' என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் வெளியீடு வருவதற்குள் என் சோதனையில் இளங்கோ பதினோரு தரம் தோற்றான்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். யானைக்கவுனியில் அவர் குடும்பத்துக்கு வத்தல் மல்லி மொத்தக் கடை. இவர் கம்ப்யூட்டர் பக்கம் போனதும், பிள்ளை கெட்டுப்போனான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். சட்டையின் இடது பையில் வேர்க்கடலை, வலது பையில் சாக்பீஸ். யோசனையில் இருந்தால் கை மாறிவிடும். சாக்பீஸை மென்றுவிட்டுத் துப்புவார். குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை. இளங்கோவை "ஏலே" என்றால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். "நீங்க சொல்லுங்க இளங்கோ" என்றால் அன்றைக்கு அவன் ஒழிந்தான்.

சுவரில் ஒரு கரும்பலகை. வெளியீட்டுக்கு மூன்று எண் உண்டு. மூன்றாவது எண் மாறினால் ஒழுகுகிற குழாயை அடைத்திருக்கிறோம் என்று பொருள். இரண்டாவது மாறினால் வீட்டுக்கு வெள்ளை அடித்திருக்கிறோம். முதல் எண் மாறினால் வீட்டையே மாற்றுகிறோம். பழைய சாவி புதுப் பூட்டில் சேராது. அதை 'உடைப்பு' என்பார் சார். உடைப்பு இல்லாமல் மென்பொருள் வளராது, ஆனால் எதை உடைக்கிறோம் என்று உடைபடுகிறவனுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பார். குறைகளையும் அதே பலகையில் எண் போட்டு எழுதுவார். எரிச்சல், இடைஞ்சல், தடுப்பு என்று மூன்று தரம். தடுப்பு ஒன்று இருந்தாலும் வெளியீடு கிடையாது.

வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்னால் சாக்பீஸ் சார் பைக்குள் போய்விடும். பிறகு பலகையில் யாரும் புதிதாக ஒரு வரி சேர்க்க முடியாது. இளங்கோ ஒரு தரம் கயிற்றுக் கடையிலிருந்து வேறு சாக்பீஸ் வாங்கி வந்து இரண்டு வரி எழுதினான். சார் எழுந்து வந்தார். ஈரத்துணியை என்னிடம் நீட்டினார். துடைத்தேன்.

எந்த மாதம் வெளியிடுவது என்பதற்கு மட்டும் முதலில் ஒழுங்கு இல்லை. தயாரானதும் விடுவோம். அப்படித்தான் இரண்டாம் வெளியீடு நல்ல மீன் சீசனில் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் ஐஸ் பேக்டரி கிளார்க் ஐஸ் இழுக்கிற கொக்கியோடு மாடியேறி வந்துவிட்டார்.

"யோவ், அச்சு எடுக்கற பொத்தான எங்கய்யா ஒளிச்சி வெச்சீங்க? தொறமொகத்துல முப்பது போட்டு ஐசுக்கு நிக்குது. சீட்டு எவன் குடுக்கறது, உங்க தாத்தனா?"

இளங்கோ, பொத்தான் இப்போது நல்ல இடத்தில் இருக்கிறது என்று விளக்கப் போனான். கிளார்க் கொக்கியைக் கை மாற்றிப் பிடித்தார். நான் நடுவில் போய் நின்று பொத்தானைக் காட்டி அனுப்பினேன். அவர் போனதும் சாரிடம் சொன்னேன்: "போட்டுக்காரன் இஞ்சின எப்ப கழட்டுவான் சார்? தடக்காலத்துல. சீசன் நடுவுல எவனாவது கழட்டுவானா? நம்மாளுங்க பாதிப்பேரு கடல நம்பித்தான கீறாங்க."

தடைக்காலம் என்பது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தி வைக்கிற நாற்பத்தைந்து நாள். சித்திரையிலும் வைகாசியிலும் வரும். அன்றிலிருந்து எங்கள் பெரிய வெளியீடு, முதல் எண் மாறுகிற வெளியீடு, அந்த நாற்பத்தைந்து நாளுக்குள் மட்டும்தான்; மீறியது ஒரே ஒரு தரம். வெளிநாட்டிலிருந்து உதவி செய்கிற தமிழர்களுக்கு இது புரியாது. நங்கூரம் ஏன் ஏப்ரலில் மட்டும் வருகிறது என்று மெயில் போடுவார்கள். மீன் குஞ்சு பொரிக்க வேண்டும் என்று இளங்கோ பதில் போடுவான்.

இப்போது மூன்றாம் வெளியீட்டுக்கு வருகிறேன்.

அப்போதெல்லாம் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு ஒரு வரிசையில் வைத்திருக்கும். எங்களுடைய கோப்பை அடுத்தவர் திறந்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். உலகம் முழுவதற்கும் ஒரே எழுத்து வரிசை வந்துகொண்டிருந்தது. அதற்கு மாறியே ஆக வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எப்போது என்பதில்தான் சண்டை. சார் போட்ட திட்டம் இது: முதலில் ஒரு சின்ன வெளியீடு, அதில், அடுத்தது உடைப்பு, பழைய கோப்புக்கு நகல் எடுத்து வையுங்கள் என்று அறிவிப்பு. ஒரு வருடம் அந்த அறிவிப்பு ஓடட்டும். பிறகு தடைக்காலத்தில் மாற்றம்.

இளங்கோவுக்குப் பொறுக்கவில்லை. ஜனவரியில் நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கண்காட்சி. "சார், சித்திர வரிக்கும் குந்திகினு இருந்தா மத்தவன் முந்திகினு பூடுவான். பழைய கோப்ப நம்ம புரோகிராமே திறக்கும்போது மாத்திக்கும். ஒருத்தனுக்கும் ஒன்னியும் தெரியாது."

சார் நான்கு நாள் கடலை மென்றார். ஐந்தாம் நாள் சாக்பீஸை எடுத்து இளங்கோவின் மேசைமேல் வைத்தார். "அக்கா சரின்னா அனுப்பிருவோம்" என்றார். அவர் செய்த தப்பு அது. என் தப்பு அடுத்து வருகிறது.

என் சோதனைக் கம்ப்யூட்டர் ஜன்னலோரம் இருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அதை முழுசாக அழித்துப் புதிதாக்கிவிடுவேன். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை. எச்சில் தட்டில் அடுத்தவருக்குச் சோறு போடுவேனா? அது போலத்தான். பழைய கோப்பு ஒன்றுகூட அதில் கிடக்காது. நான் உட்கார்ந்து எழுந்த இடம் அப்படித்தான் இருக்கும். மூன்றாம் வெளியீடு அந்தச் சுத்தமான இடத்தில் வழுக்கிக்கொண்டு ஓடியது. என் பெயரை அடித்தேன். கன்னியம்மா என்று முத்து முத்தாக அச்சில் வந்தது. "போடுங்க சார்" என்றேன். முந்நூறு உறையிலும் நானே தபால்தலை ஒட்டினேன்.

பொங்கல் கழிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை காலையில் பிலோமினா வந்தாள். காத்திவாக்கத்தில் கருவாடு விற்கிற பெண்களின் சங்கத்துக்குச் செயலாளர்; என் மதிய வகுப்பில் படித்தவள். சங்கத்துக்கு யாரோ கொடுத்த கம்ப்யூட்டர்ப் பெட்டியைப் பழைய புடவையில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்திருந்தாள்.

"கன்னிம்மாக்கா, இத்த பாரு. உன் சிடிய போட்டேன். எங்க சனத்தயே முழுங்கிட்சி."

முகத்துவாரக் கரையில் நூற்று எண்பத்தாறு குடிசை. அத்தனை பேரையும் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப் போவதாக அரசு சொல்லியிருந்தது. யார் யார், வீட்டில் எத்தனை பேர், ரேஷன் கார்டு எண், குடிசை எண் எல்லாம் சங்கம் பட்டியல் போட்டுத் தர வேண்டும். நான்கு மாதம் வீடு வீடாகப் போய் எழுதி, நங்கூரத்தில் ஏற்றியிருந்தாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு பெயரும் ஏறாது. ஏறாதவர்களுக்கு வீடு இல்லை.

இளங்கோ பெட்டியை மாட்டித் திறந்தான். நூற்று எண்பத்தாறு வரி. எல்லா வரியிலும் கேள்விக்குறி.

"சேவ் பண்ணியா?"

"தொறந்தா கட்டம் கட்டமா வந்துச்சி. பயந்துட்டேன். டவுட்டு வந்தா மொதல்ல சேமின்னு அக்காதான சொல்லிக்குடுத்துச்சி. அதான் சேமிச்சேன்."

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எல்லா வகுப்பிலும் சொல்வேன்.

"எழுதின நோட்டு எங்க?" என்று கேட்டேன்.

"கம்பூட்டர்ல ஏத்தியாச்சேன்னு கிழிச்சிக் கருவாடு கட்டிக் குட்துட்டேன்க்கா."

இளங்கோ திரையைப் பார்த்தபடியே முணுமுணுத்தான்: "ஏத்தும்போதே போட்டுகீதே, நஷ்டத்துக்குப் பொறுப்பு இல்லன்னு."

"அந்த வரிய இந்தப் பொம்பள மூஞ்சிக்கு நேரா படி நைனா" என்றேன். "சத்தமா படி."

அவன் படிக்கவில்லை. சார் வந்து நின்றார். "இளங்கோ, என்ன ஆச்சுன்னு நீங்க சொல்லுங்க."

ஆனது இதுதான். இரண்டாம் வெளியீட்டில் தொடங்கிய கோப்பைப் புதியது தானே மாற்றிக்கொள்ளும். பிலோமினாவிடம் இருந்தது பழைய முதலாம் வெளியீடு; தன் கோப்பை அதில்தான் தொடங்கியிருந்தாள். அதை அடையாளம் தெரியாமல் கட்டமாகக் காட்டியது. சேமித்ததும் கட்டமெல்லாம் கேள்விக்குறியாகிப் பழையதன் மேலேயே உட்கார்ந்துவிட்டது. சோதனை செய்த கம்ப்யூட்டரில் பழைய கோப்பு ஒன்று கிடந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். சார் என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பெட்டியை வேறெதுவும் செய்வதற்கு முன்னால் உள்ளே இருப்பதற்கு அப்படியே ஒரு நகல் எடுக்கச் சொன்னார் சார். பிறகு இளங்கோ, பெட்டிக்குள் அடியில் சிதறிக் கிடக்கிற பழைய துண்டுகளைத் தோண்டி எடுக்க ஆரம்பித்தான். நானும் சாரும் முந்நூறு பேருக்கும் கார்டு எழுதினோம்: மூன்றை ஏற்றாதீர்கள், ஏற்றியிருந்தால் பழைய கோப்பைத் திறக்காதீர்கள், தப்பு எங்களுடையது. கடைசி இரண்டு சொல்லை எல்லாக் கார்டிலும் நானே எழுதினேன். என் கையெழுத்து கோணல், ஆனால் விளங்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் நூற்று முப்பத்தொரு வரி முழுசாகக் கிடைத்தது. மீதியில் பாதிப் பெயர், பாதி எண். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் காத்திவாக்கத்தில் வீடு வீடாக ஏறினோம். ஞாயிறு என்பதால் படகெல்லாம் கரையில், ஆள் வீட்டில். முன்னாலேயே எழுதிக்கொண்டு போனீர்களே, மறுபடியும் எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். "முழுங்கிட்சி" என்று பிலோமினா எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாள். பொழுது சாய்கிற வரைக்கும் ஐம்பத்து நான்கு வீடு முடிந்தது.

ஒரு வீடு பூட்டிக்கிடந்தது. அஞ்சலை. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். இறால் உரிக்கிற வேலைக்குப் பிள்ளைகளோடு பழவேற்காடு போயிருந்தாள். எந்தக் கொட்டகை என்று யாருக்கும் தெரியவில்லை. ரேஷன் கார்டு அவளோடு போய்விட்டது. பெயரை மட்டும் எழுதித் திங்கட்கிழமை கொடுத்தோம். அலுவலகத்தில் இருந்தவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். நூற்று எண்பத்தாறாவது வரியில் எண் இல்லை. ஸ்கேல் வைத்து, சிவப்பு மையால், நேராக ஒரு கோடு போட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எண் இல்லாத பெயர் ஏறாது என்பது அவருடைய சட்டம். உடைத்தது நாங்கள்.

அடுத்த வாரம் அஞ்சலை மாடியேறி வந்தாள். நான் பெருக்கி வைத்த தரையில் சேற்றுக் காலோடு நின்றாள்.

"இன்னா பிலோமினா சொல்றா, உங்க கம்பூட்டரு என் வூட்ட துன்னுட்சாமே? எது அது, காட்டு. ஒரே போடா போட்டுட்டுப் போறேன்."

"அது துன்னல அஞ்சல. நாந்தான் சரியா பாக்காம அனுப்பிச்சேன்" என்றேன்.

"நீ பாக்காததுக்கு என் பொண்ணுங்க இன்னா பண்ணும்?"

சார் எழுந்து போய்க் கரும்பலகையில் எழுதினார். குறை எண் நானூற்றுப் பன்னிரண்டு: அஞ்சலைக்கு வீடு. தரம்: தடுப்பு.

இளங்கோ சிரித்தான். சார் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "சார், இது இன்னா கலாட்டா? சாப்ட்வேர் பக் லிஸ்ட்ல வூட்டப் போட்டா எவன் சரி பண்றது?"

"நாம உடைச்சோம்லா. உடைச்சது சரியாவுற வரைக்கும் அது நம்ம பக்குதாம்."

மூன்றின் ஓட்டைகளை அடைத்து ஒரு சின்ன வெளியீடு போட்டோம். அதோடு சரி. பெரிய வெளியீடு நின்றது. என் ஜன்னலோரக் கம்ப்யூட்டரை இனி அழிக்கக் கூடாது என்று சார் உத்தரவு போட்டார். ஊரில் இருந்த பழைய கோப்பையெல்லாம் கேட்டு வாங்கி அதில் கொட்டினார்கள். கலீஜாகக் கிடந்தது. உட்காரும்போதே எனக்கு உடம்பு கூசும். ஆனால் அதற்குப் பிறகு என் சோதனையில் இளங்கோ தோற்றது பதினொன்றுக்கும் எத்தனையோ மேலே.

மாதம் ஒரு திங்கட்கிழமை, குறை கேட்கிற நாளில், நானும் அஞ்சலையும் அலுவலகத்துக்குப் போவோம். அது என் வேலையில் சேர்ந்தது. சார் அன்றைக்கு வேறு வேலை தரமாட்டார். மனுவை நான் அடித்துக்கொண்டு போவேன். ஒவ்வொரு தரமும் ஒரே கேள்விதான்: பட்டியல் முடிகிறதற்கு முன்னாலேயே இந்தப் பெயர் இருந்ததற்கு என்ன ஆதாரம்? எங்கள் கம்ப்யூட்டர் தின்றுவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கூடவே வெளியாள் இருபது பேர், எங்கள் பெயரையும் தின்றுவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள். அது வேறு பேஜார்.

நூற்று எண்பத்தைந்து குடும்பமும் அடுக்குமாடிக்குப் போய்விட்டன. குடிசைகளைப் பிரித்துவிட்டார்கள். அஞ்சலையின் குடிசை மட்டும் கரையில் தனியாக நின்றது. நான் போகும்போதெல்லாம், "வா, உன் வெளியீடு வந்துட்சா?" என்று கேட்பாள். ஒரு வாய் தண்ணீர்கூடத் தரமாட்டாள். நானும் கேட்கமாட்டேன்.

ஒரு தடைக்காலம் வெளியீடு இல்லாமல் போனது. வெளிநாட்டுத் தமிழர்கள் மெயில் மேல் மெயில் போட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு எந்தப் பகுதியில் இருக்கிறது, நாங்கள் சரி செய்து அனுப்புகிறோம் என்று ஒருவர் எழுதினார். காத்திவாக்கம் பகுதி என்று இளங்கோ பதில் போட்டான். அதுதான் அவன் போட்ட கடைசி பதில். அடுத்த வாரம் மூட்டை கட்டிக்கொண்டான்.

"சார், உங்க மேல மரியாத கீது. ஆனா ஒரு வூட்டுக்காக ஒரு புரோகிராம கொல்லக்கூடாது. நா இத்த எடுத்துகினு போயி வேற பேர்ல நாலாவது போடறேன். லைசன்ஸ்ல எடங்கீது."

"இருக்குடே. எடுத்துட்டுப் போ" என்றார் சார். 'நீங்க' என்று சொல்லக்கூட அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

படியில் இறங்கும்போது அவனிடம் சொன்னேன்: "எடுத்துகினு போறவன் எல்லாத்தயும் எடுத்துகினு போ. பக் லிஸ்ட்டயும்தான். நானூத்திப் பன்னெண்டும் உன்னுதுதான்."

மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு இறங்கிப் போனான்.

ஐந்து மாதம் ஆளைக் காணோம். சார் தனியாக உட்கார்ந்து சின்னச் சின்ன ஓட்டைகளை அடைத்தார். வகுப்புக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். பலகையில் நானூற்றுப் பன்னிரண்டைச் சுற்றித் துடைத்துத் துடைத்து, அந்த ஒரு வரி மட்டும் தடிப்பாகத் தெரிந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இளங்கோ நனைந்துகொண்டு வந்தான். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தான். உள்ளே ஒரே ஒரு தாள். பிலோமினாவின் பெட்டியிலிருந்து அன்றைக்கு எடுத்த நகல் அவனிடம் இருந்திருக்கிறது. சிதறிய துண்டுகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்கிற புரோகிராம் ஒன்றை எழுதி, அதோடு ஐந்து மாதம் மல்லுக்கட்டியிருக்கிறான். தாளில் நூற்று எண்பத்தாறாவது வரி: அஞ்சலை, மூன்று பேர், கார்டு எண், குடிசை எண். வரி ஏறிய தேதியும் கூடவே. பட்டியல் முடிவதற்கு இரண்டு மாதம் முந்திய தேதி.

"நாலாவது இன்னாச்சி நைனா?" என்று கேட்டேன்.

"அத்த எங்க போடறது? தொறந்தாலே நானூத்திப் பன்னெண்டு மொதல்ல வந்து நிக்கிது. ஏந்தான் சொன்னியோ." தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். "என் புரோகிராம்தான துன்னுச்சி. அதே கக்கட்டும்னு உட்டேன்."

"ஏலே, கடல எடுத்துக்கோ" என்றார் சார்.

அடுத்த திங்கட்கிழமை ஐந்து பேராகப் போனோம். அதிகாரி தாளைப் பார்த்தார். இந்தத் தேதியை நீங்களே அடித்துப் போட்டிருக்கலாமே என்றார். நியாயமான கேள்வி. இளங்கோ நகல் இருந்த கம்ப்யூட்டர்ப் பெட்டியையே தூக்கி வந்திருந்தான். அந்த அலுவலகத்து மேசையில் மாட்டி, அவர்களுடைய ஆளையே பக்கத்தில் உட்கார வைத்து, நகலிலிருந்து முதலில் தொடங்கி ஓட்டினான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. முதலில் மற்ற நூற்று எண்பத்தைந்தும் வந்தன. அவர்கள் கோப்பிலிருந்த பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தின. கடைசியாக அஞ்சலை வந்தாள். வெளியாள் இருபது பேரில் ஒருவரும் வரவில்லை. ஓட்டி முடிக்கிற வரைக்கும் அதிகாரி எழுந்து போகவில்லை. அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

அதன் பிறகும் உத்தரவு வரத் தை மாதம் ஆனது. நான்காவது மாடி. சாவி வாங்கிய அன்று நாங்கள் நால்வரும் அஞ்சலையின் சட்டி பானையைச் சுமந்துகொண்டு ஏறினோம். அவள் குழாயைத் திறந்து பார்த்தாள்.

"தண்ணி ஏறல. எழுதிக்க, இது அடுத்த பக்கு."

"அது எங்க பக் இல்ல யக்கா" என்றான் இளங்கோ.

"உன் வாயி மட்டும் எங்கயும் போவல" என்றாள். பிறகு குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு என்னிடம் நீட்டினாள். குடித்தேன்.

மறுநாள் சார் சாக்பீஸை என்னிடம் கொடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே 'முடிந்தது' என்று எழுதினேன். அந்தத் தடைக்காலத்தில், படகெல்லாம் கரையேறி நின்ற வாரத்தில், நான்காம் வெளியீடு போனது. பழைய கோப்பின் மேல் கை வைப்பதற்கு முன்னால் அது தானே ஒரு நகலை ஒதுக்கிவைத்துக்கொள்ளும். கெட்டுப்போனதைப் பொறுக்கிச் சேர்க்கிற இளங்கோவின் புரோகிராமும் அதற்குள் இருந்தது. பொறுப்பில்லை என்கிற வரியும் அப்படியே இருந்தது. உலகம் முழுக்க அப்படித்தானாம்.

அதற்குப் பிறகு பத்து வருடம் வேலை பார்த்தேன். இன்னும் நிறைய நடந்தது. கேட்டது இவ்வளவுதான். பேத்தி மலர் அடித்து முடித்துவிட்டாள்.

"மலரு, இங்க வந்து குந்து. நா சொல்லச் சொல்ல அடிச்சியே, ஒருதரம் மொதல்லேர்ந்து படி, கேக்கறேன்."

"படிக்கிறேன் ஆயா. நடுவுல ரெண்டு மூணு எடம் சரியில்ல. மாத்திகினே படிக்கவா?"

"மாத்து, வோணான்னு சொல்லல. இப்ப கீறத அப்படியே தனியா ஒண்ணு எடுத்து வெச்சிட்டு, அப்பறம் கைய வை."